காது கேட்கும் கருவியோடு வார்டு போஸ்டிங்: கல்லூரியிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

தொரப்பாடி மாணவி:

வணக்கம். வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு காதிலும் நரம்பு சார்ந்த கேட்புக் குறை. கடைசி ஆடியோகிராமில் (கேட்புப் பரிசோதனை வரைபடம்) வலது 58 டெசிபல், இடது 64. இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் மாட்டும் ஹியரிங் எய்ட் போடுகிறேன். சீட் கிடைத்தது பொதுப் போட்டியில். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இதுவரை எடுக்கவில்லை.

முதலாண்டை முன் பெஞ்சில் உட்கார்ந்தே ஓட்டிவிடலாம். வார்டில் அது நடக்காது. ரவுண்ட்ஸில் கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர், பாதிப் பேர் முகத்தில் மாஸ்க், தலைக்கு மேல் ஃபேன். ஸ்டெத் மாட்ட வேண்டுமென்றால் எய்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் சார் கேட்கிற கேள்வி காதில் விழாது.

சான்றிதழ் இல்லாமல் வசதி கேட்க முடியுமா? யாருக்கு எழுதுவது, கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? ஸ்டெத்துக்கு என்ன வழி? பல்கலைக்கழக பிராக்டிகலுக்கும் வைவாவுக்கும் (வாய்மொழித் தேர்வு) தனி அனுமதி வேண்டுமா? இதையெல்லாம் கேட்கப் போனால் சீட்டுக்கே ஆபத்து வருமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

---

டெமோ ரூம்:

மெடிசின் துறையில் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் கடித விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஸ்டெத்தைப் பற்றிக் காதொலி நிபுணர் யாராவது சொல்லட்டும்.

முதலில், உங்களுக்கு இரண்டு கடிதம் வேண்டும்மா, ஒன்று போதாது. வகுப்பு, வார்டு, உள்மதிப்பீட்டுத் தேர்வு எல்லாம் கல்லூரியின் கையில். அரசுக் கல்லூரி என்றால் டீனுக்கு, தனியார் என்றால் பிரின்சிபாலுக்கு எழுத வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வு கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கையில். அந்தக் கடிதம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, ஆனால் உங்கள் கல்லூரித் தலைவர் வழியாக, அவருடைய பரிந்துரையோடு போக வேண்டும். நேராக அனுப்பினால் 'கல்லூரி மூலம் அனுப்புக' என்று திரும்பி வரும். அதற்குள் ஹால் டிக்கெட் வந்துவிடும்.

பெரும்பாலான கடிதங்கள் எங்கே படுத்துவிடுகின்றன தெரியுமா? 'எனக்குக் காது சரியாகக் கேட்காது, ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று நாலு வரி. படிக்கிறவருக்கு மனம் இரங்கும், ஆனால் என்ன உத்தரவு போடுவதென்று தெரியாது. 'பார்க்கவும்' என்று எழுதித் துறைத் தலைவருக்கு அனுப்புவார், அவர் யூனிட் சீஃபுக்கு அனுப்புவார், கோப்பு மூடப்படும். நோயின் பெயரையோ சதவீதத்தையோ வைத்து எழுதாதீர்கள். வேலையை வைத்து எழுதுங்கள்: எந்த வேலை, அதில் எந்த இடத்தில் தடை, என்ன மாற்றினால் தடை நீங்கும், அதை யார் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி. மொத்தம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

மாதிரிக்கு, சாரத்தைத் தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

'வார்டு ரவுண்ட்ஸில் பேசுபவரின் முகம் தெரியாதபோது என்னால் கேள்வியை முழுமையாகப் பின்தொடர முடிவதில்லை. கட்டிலின் தலைமாட்டில், ஆசிரியருக்கு எதிர்ப்புறம் நிற்க அனுமதி வேண்டும். என்னிடம் கேட்கும் கேள்வியை என் பெயர் சொல்லிக் கேட்குமாறு யூனிட் ஆசிரியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.'

'இதய, நுரையீரல் ஒலிகளைக் கேட்க ஒலிபெருக்கும் ஸ்டெத்தை ஹெட்ஃபோனுடன் பயன்படுத்த வார்டிலும் உள்மதிப்பீட்டுத் தேர்விலும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். கருவி என்னுடையது, கல்லூரிக்குச் செலவு இல்லை.'

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். செலவு இல்லை என்ற கோரிக்கை ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். செலவு உள்ளதைத் தனிப் பத்தியில் வையுங்கள். டெமோ அறைக்கு ஒலிபெருக்கியோ, ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் ரிமோட் மைக்கோ கேட்டால், அது கொள்முதல் குழுவுக்குப் போய் வர மாதங்கள் ஆகும். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் இலவசமாகக் கிடைக்க வேண்டியதும் சேர்ந்து தாமதமாகும்.

கேட்கக் கூடாததும் உண்டு. 'ஆஸ்கல்டேஷனிலிருந்து', அதாவது ஸ்டெத் வைத்துக் கேட்பதிலிருந்து, 'விலக்கு' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். லாக் புக்கில் கையெழுத்து வாங்க வேண்டிய திறன்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைச் செய்கிற விதத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், திறனையே எடுத்துவிடச் சொல்ல முடியாது. வருகைப் பதிவும் அப்படியே. தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 என்பதைக் குறைக்கச் சொன்னால் கல்லூரியால் முடியாது. எய்டைச் சரிசெய்யப் போன நாளுக்கு ஈடாக வேறு நாளில் போஸ்டிங் செய்ய அனுமதி கேட்டால் கிடைக்கும்.

இணைப்பாக, ஆறு மாதத்துக்குள் எடுத்த ஆடியோகிராமும் காதொலி நிபுணர் ஒரு பக்கம் எழுதிய கடிதமும் வையுங்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். உத்தரவு வரும்போது அதில் கல்வியாண்டு முழுவதும் என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு போஸ்டிங்குக்கு மட்டும் என்று போட்டுவிட்டால் சில வாரத்துக்கு ஒருமுறை புது யூனிட்டில் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முழு ஆண்டுக்குப் போட்டிருந்தாலும், போஸ்டிங் மாறுவதற்கு முந்தைய வாரமே புது யூனிட் சீஃபிடம் நகலைக் கொடுத்துவிடுங்கள். சர்க்குலர் தானாக அவர் மேஜைக்குப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள்.

---

பழைய பேட்ச்:

இவ்வளவு காகிதமா? வேலூர் சின்ன ஊருங்க. யூனிட் சீஃபை நேர்ல பார்த்து 'சார், எனக்குக் காது கொஞ்சம் மந்தம், முன்னாடி நிக்கட்டுமா'ன்னு கேட்டா யாரு வேணாம்னு சொல்லப் போறாங்க? சீல், நகல், சட்டம்னு போனா பொண்ணு மேல ஒரு முத்திரை விழுந்துடும். அப்புறம் எதைக் கேட்டாலும் 'அந்தப் பொண்ணா'ன்னுதான் பேச்சு வரும்.

---

டெமோ ரூம்:

நேரில் சொல்வது நல்லதுதான், கடிதத்துக்கு முன்னால் சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் வாய்ச்சொல் அந்த யூனிட்டோடு முடிந்தது. ஃபைனல் பிராக்டிகலில் வெளியூரிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர், ஒரு மாணவி ஹெட்ஃபோன் மாட்டுவதைப் பார்த்து 'இது என்ன' என்று கேட்டால், 'எங்கள் சீஃப் போன வருடம் சரி என்றார்' என்று பதில் சொல்ல முடியாது. காகிதம் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

முத்திரை விழும் என்கிற பயத்துக்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு மையம் எழுந்ததற்கு அவரே காரணம். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை எது என்று பார்த்து வேலையை அமைத்துக்கொண்டார்கள். நீங்கள் கேட்கப்போவதும் அதே வகைதான்.

---

டெசிபல்:

ஸ்டெத் பற்றி. காதொலித் துறையில் இருக்கிறேன்.

கருவி வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஆடியோகிராமை எடுத்துப் பாருங்கள். 58, 64 என்பது சராசரி; அதை விட்டுவிடுங்கள். 250 ஹெர்ட்ஸிலும் 500 ஹெர்ட்ஸிலும் எத்தனை டெசிபல் என்று பாருங்கள். இதய ஒலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில் இருக்கும். மூன்றாம், நான்காம் ஒலிகள் 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே. வீஸ் (மூச்சில் வரும் விசில் ஒலி) 400க்கு மேலே. நுரையீரலில் கேட்கும் நுண்ணிய வெடிப்பொலியான கிரெப்ஸும், அயோர்ட்டிக் வால்வு கசிவதால் வரும் மர்மரும் (இதய இரைச்சல்) உயர்ந்த பக்கம். நரம்பு சார்ந்த குறை பலருக்கு உயர் அலைவரிசையில்தான் அதிகம். உங்களுக்கு 250இல் 30 டெசிபல்தான் என்றால், எய்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்டெத்திலேயே எஸ் 1, எஸ் 2 (இதயத்தின் முதல், இரண்டாம் ஒலிகள்) கேட்கும், பி.பி. பார்க்கும்போது வரும் கோராட்காஃப் ஒலியும் கேட்கலாம். நுரையீரல் ஒலிகள்தான் தவறும். 250இலேயே 50 என்றால் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கும் ஸ்டெத் வேண்டும். இந்த ஒரு விவரத்தைப் பார்க்காமல் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

எய்டோடு சேர்த்துக் கேட்க மூன்று வழி. ஒன்று, எய்டைக் கழற்றிவிட்டு, காதுமுனை உள்ள ஒலிபெருக்கும் ஸ்டெத். லிட்மன் கோர் இந்த வகை. 40 மடங்கு வரை பெருக்கும். பேச்சு கேட்க ஒவ்வொரு முறையும் எய்டைத் திரும்ப மாட்ட வேண்டும், வார்டில் அது பெரிய தொல்லை. கழற்றிய எய்டை மேல்கோட்டுப் பையில் போட்டுத் தொலைப்பவர்களும் உண்டு. சின்ன டப்பா ஒன்றைக் கயிற்றில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, திங்க்லேப்ஸ் போலக் குழாய் இல்லாத, ஹெட்ஃபோன் சொருகும் வகை. எய்டைக் கழற்றாமல் மேலேயே பெரிய ஹெட்ஃபோன் வைக்கலாம். உங்கள் எய்டின் மைக் காதுமடலுக்கு மேல்பின்னால் இருக்கிறது. ஹெட்ஃபோனின் கோப்பை அதையும் சேர்த்து மூட வேண்டும், அதாவது காதை முழுதாக அணைக்கும் அளவு. காதின் மேல் வெறுமனே உட்காரும் சின்ன வகை என்றால் மைக் வெளியே நிற்கும், ஸ்டெத் ஒலி எய்டுக்குள் போகாது. இடைவெளி இருந்தால் விசில் அடிக்கும்.

மூன்று, ப்ளூடூத் வழியாக நேராக எய்டுக்கே அனுப்புவது. பார்க்க அழகாக இருக்கும். இதில் இரண்டு குழி இருக்கிறது. உங்கள் எய்டின் முனையில் துளையுள்ள டோம் இருந்தால் தாழ்ந்த ஒலிகள் அந்தத் துளை வழியாகக் கசிந்து போய்விடும். மர்மர் கேட்கும், எஸ் 3 கேட்காது. அச்செடுத்துச் செய்த மூடிய மோல்டு வேண்டும். அடுத்தது தாமதம். ப்ளூடூத்தில் ஒலி 100, 200 மில்லிசெகண்டு பிந்தி வரலாம். நாடி 75 இருக்கும்போது ஒரு துடிப்பு 800 மில்லிசெகண்டு, அதில் சிஸ்டோல் (இதயம் சுருங்கும் நேரம்) சுமார் 300. கழுத்து நாடியில் விரல் வைத்து எஸ் 1 எது என்று பிடிக்கும்போது விரலும் காதும் ஒத்துப்போகாது. சிஸ்டோலிக் மர்மரை டயஸ்டோலிக் (இதயம் விரியும் நேரத்தது) என்று சொல்லிவிடுவீர்கள், காது தேறவில்லை என்று எக்ஸாமினர் நினைப்பார். அதனால் கம்பியுள்ள ஹெட்ஃபோன்தான் என் பரிந்துரை. ப்ளூடூத்தான் வேண்டும் என்றால், திரையில் அலைவடிவம் காட்டும் செயலியைப் பார்த்து நேரத்தைக் கணியுங்கள்.

எய்டு மேலேயே கேட்பதாக இருந்தால் எய்டில் தனியாக ஒரு 'ஸ்டெத் புரோகிராம்' போடச் சொல்லுங்கள். இரைச்சல் குறைப்பு, திசை மைக், உயர் ஒலியைத் தாழ்த்தித் தரும் வசதி மூன்றையும் அதில் அணைத்துவிட வேண்டும். இரைச்சல் குறைப்பு இயங்கினால் எய்டு உங்கள் நோயாளியின் மூச்சொலியை ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். போகும்போது ஸ்டெத்தையும் கையோடு கொண்டுபோய், போட்டுக்காட்டிச் சரிபார்த்து வாருங்கள். சும்மா கேட்டுவிட்டு வந்தால் பத்தில் எட்டு தடவை திரும்பப் போக வேண்டியிருக்கும்.

தேர்வு அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: 'ஒலிபெருக்கம் மட்டும், தானாக மர்மர் கண்டறியும் செயலி அணைக்கப்பட்டிருக்கும்.' சில புதிய ஸ்டெத்துகள் செயலி வழியாக முடிவையே சொல்லிவிடுகின்றன. எக்ஸாமினரின் சந்தேகம் அங்கேதான் வரும், அது நியாயமும்கூட.

நிபுணர் கடிதத்தில் என்ன வேண்டும் என்று டெமோ ரூம் சார் சொல்லவில்லை. 'மிதமான முதல் கடுமையான கேட்புக் குறை' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். எய்டோடு அமைதியான அறையில் பேச்சு எத்தனை சதவீதம் புரிகிறது, இரைச்சலில் எத்தனை, முகம் தெரிந்தால் எத்தனை என்ற மூன்று எண்ணும் இருக்க வேண்டும். அமைதியில் 90, இரைச்சலில் 50 என்று வந்தால், தனியறை வைவா ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

---

தொரப்பாடி மாணவி:

ரொம்ப நன்றி சார், மேடம். 250இல் 35தான் இருக்கிறது, இதுவரை அந்த எண்ணை யாரும் பார்க்கச் சொன்னதில்லை. சான்றிதழும் சீட்டும் இன்னும் புரியவில்லை. 58, 64க்கு 40 சதவீதக் குறைபாடு என்று வருமா? வராவிட்டால் கேட்க உரிமையே இல்லையா?

---

சத்துவாச்சாரி வக்கீல்:

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். குழப்பம் எல்லாம் அங்கே ஆரம்பிக்கிறது. பிரிவு 2(எஸ்)இல் மாற்றுத்திறனாளி: நீண்டகாலக் குறைபாடு, அது சுற்றுப்புறத் தடைகளோடு சேர்ந்து மற்றவருக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் செய்வது. இதற்குச் சதவீதம் கிடையாது. பிரிவு 2(ஆர்)இல் 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர். இட ஒதுக்கீடு இந்த இரண்டாம் வகைக்கு. நீங்கள் கேட்கும் நியாயமான வசதி முதல் வகைக்கே உண்டு.

உங்கள் எண்ணுக்கு வருகிறேன். சட்டத்தின் அட்டவணைப்படி கேட்புக் குறையுள்ளவர் என்றால் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல். 70ஐ எட்டினால் காது கேளாதவர். உங்கள் வலது காது 58. மருத்துவக் குழு 40 சதவீதத்துக்குக் கீழே போடவே வாய்ப்பு அதிகம். அப்படிப் போட்டாலும் வசதி கேட்பது நிற்காது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ளவர் அவர், 40 சதவீதச் சான்றிதழ் இல்லை. தேர்வில் தனக்காக எழுத ஒரு எழுத்தரைத் தரும்படி கேட்டார், மறுத்தார்கள். 40 சதவீதம் என்ற வரம்பை நியாயமான வசதிக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது, ஒவ்வொருவரின் தேவையையும் அவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கடிதத்தில் ஒரே ஒரு தீர்ப்பைத்தான் குறிப்பிடுவேன் என்றால் இதைக் குறிப்பிடுங்கள்.

உங்கள் கல்லூரி தனியாரா அரசா என்பது இங்கே பெரிதில்லை. பிரிவு 16 அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனத்துக்கும் பொருந்தும். தனிநபர் தேவைக்கேற்ற வசதி அதில் நேராகவே சொல்லப்பட்டிருக்கிறது. தேர்வு முறையில் மாற்றத்துக்குப் பிரிவு 17. சட்டம் வைக்கும் எல்லை ஒன்றுதான், நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமை விழக் கூடாது. தலைமாட்டில் நிற்பது யாருக்கும் சுமையில்லை.

சீட்டைப் பற்றி. நீங்கள் ஒதுக்கீட்டில் வரவில்லை, எதையும் பொய்யாகச் சொல்லவும் இல்லை. வசதி கேட்பதால் சேர்க்கை வகை மாறாது. சதவீத எண்ணை மட்டும் காட்டி ஒருவரை மருத்துவப் படிப்புக்குத் தகுதியற்றவர் என்று சொல்லக் கூடாது, படிப்பை அவரால் செய்ய முடியுமா என்று குழு ஆராய வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் ஓம் ராத்தோட் வழக்கில், மருத்துவக் கல்லூரிகளில் வசதி கேட்கும் மாணவர்களுக்குத் தொடர்பு முனையாக உதவிப் பிரிவு இருக்க வேண்டும் என்றும் வந்தது. உங்கள் கல்லூரியில் அந்தப் பிரிவு இருக்கிறதா, பொறுப்பாளர் யார் என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் கடிதத்தின் நகல் அவருக்கும் போகட்டும்.

இதையெல்லாம் முதல் கடிதத்தில் கொட்டாதீர்கள். பிரிவு 16க்கு ஒரு வரி, தீர்ப்புக்கு ஒரு வரி, போதும். முதல் கடிதமே வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தால், பதில் சொல்ல அவர்களும் வக்கீலைத் தேடுவார்கள். 30 நாள் கழித்தும் பதில் இல்லை என்றால் நினைவூட்டல். அதற்கும் இல்லை என்றால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார். கட்டணமோ வக்கீலோ வேண்டாம். அவர் பரிந்துரை செய்தால் நிறுவனம் மூன்று மாதத்துக்குள் என்ன நடவடிக்கை என்று தெரிவிக்க வேண்டும். அப்போது உங்களுக்கு உதவப்போவது சீல் போட்ட அந்த நகல்தான், பழைய பேட்ச் அண்ணா.

சான்றிதழை எப்படியும் எடுத்துவிடுங்கள். 40க்குக் கீழே வந்தாலும் வெள்ளை நிற யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை வரும், குறைபாடு அரசு ஆவணத்தில் ஏறிவிடும். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்த ஊர் வேறு மாவட்டம் என்றால் முகவரிச் சான்றில் உள்ள மாவட்டத்திலோ, நீங்கள் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலோ போகலாம். வேலூரில் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தனியார் மருத்துவமனை ஆடியோகிராம் துணை ஆவணம்தான், சான்றிதழ் ஆகாது. கணினியில் தடங்கல் என்றால் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைப் பாருங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாள் கூட்டம் என்பதால் வேறு நாளில் போனால் நின்று பேசலாம்.

---

டெசிபல்:

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று. சான்றிதழ்ப் பரிசோதனைக்குப் போவதற்கு முன் காதில் குரும்பி இருந்தால் எடுத்துவிடுங்கள். சளி இருந்தால் தள்ளிப்போடுங்கள். இரண்டும் எண்ணை உயர்த்திக் காட்டும், நிரந்தரக் குறை எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் மறுபடி வரச் சொல்வார்கள். பழைய ஆடியோகிராம்களை வருட வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். பரிசோதனை எய்டு இல்லாமல்தான் நடக்கும். பட்டன் அழுத்தும் பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் 'பேரா' (BERA, ஒலிக்குக் கேட்பு நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளக்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்வார்கள். சந்தேகப்படுகிறார்கள் என்று மனம் நோக வேண்டாம், வழக்கமான நடைமுறைதான்.

---

நைட் டூட்டி:

வார்டுக்கும் தியேட்டருக்கும் சில விஷயம். இப்போ பி.ஜி. பண்றேன்.

மாஸ்க் பெரிய எதிரி. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் உயர் அலைவரிசையை 3, 4 டெசிபல் குறைக்கும். என் 95 கிட்டத்தட்ட 12. உதடும் தெரியாது. வாய்ப்பகுதி தெரியிற மாஸ்க் கேட்கலாம், ஆனா ஏ.சி. இல்லாத வார்டுல, வேலூர் மே மாச வெயில்ல, பத்து நிமிஷத்துல ஆவி படிஞ்சிடும். எல்லாருக்கும் கேட்காம, கேஸ் பிரசன்டேஷன் எடுக்கிற ஆசிரியர் ஒருத்தருக்கு மட்டும் கேளுங்க. உங்க மாஸ்க்கும் பிரச்சினைதான். காதுல மாட்டுற எலாஸ்டிக் எய்டோட பின்னிக்கும், மாஸ்க்கைக் கழற்றும்போது எய்டும் சேர்ந்து தெறிக்கும். தலைக்குப் பின்னாடி நாடாவால கட்டுற வகையை வாங்குங்க.

தியேட்டர்ல தொப்பி எய்டு மைக்குல உரசினா கரகரன்னு ஒரு சத்தம் ஓயாம வரும். மெல்லிய துணித் தொப்பி, காதுப் பக்கம் தளர்வா. ஸ்க்ரப் ஆகிட்டா எய்டைத் தொட முடியாது, அதனால பேட்டரியை முன்னாடியே மாத்திடுங்க. துத்தநாகக் காற்று பேட்டரியில ஸ்டிக்கரைப் பிரிச்சு ஒரு நிமிஷம் காத்துப் பட விட்டுப் போடுங்க. ராத்திரி எய்டை சிலிகா ஜெல் டப்பாவுல வைக்காம விட்டா வேர்வையே கொன்னுடும். சர்ஜரிக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சிஸ்டர்கிட்டயும் சீனியர்கிட்டயும் பேசி வையுங்க: என்ன ஸ்டெப், எப்போ என்ன கேட்பீங்க, கை ஜாடை என்ன. சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி பண்றது எல்லாருக்குமே நல்ல பழக்கம்.

யாரும் சொல்லாத ஒன்னு, பாஷை. இந்த ஊர் வார்டுல தமிழ், தெலுங்கு, உருது மூணும் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில வங்காளமும் இந்தியும் சேர்ந்துக்கும். உதட்டசைவு படிக்கிறது தெரிஞ்ச பாஷையிலதான் வேலை செய்யும். ஹிஸ்டரி எடுக்கத் தமிழ் பேசுற நோயாளியைக் கொடுங்கன்னு கேட்கிறது சலுகை இல்ல. லாங் கேஸ் தேர்வுக்கும் (ஒரு நோயாளியை முழுசா விசாரிச்சுப் பார்த்துச் சொல்றது) அதை எழுதி வாங்கிடுங்க. போன்ல பேச்சை எழுத்தாக்குற செயலி தமிழும் செய்யும். ஆனா நம்ம தமிழும் ஆங்கில மருந்துப் பேரும் கலந்த பேச்சுல நிறையத் தப்பு வரும், 'நெஞ்சு வலி இல்ல'ல கடைசி 'இல்ல' விழுந்துட்டா அர்த்தமே தலைகீழ். நோயாளிகிட்ட சம்மதம் கேட்காம ஆன் பண்ணக் கூடாது, பேச்சு வெளி சர்வருக்குப் போகுது.

இன்டர்ன்ஷிப்புக்கு இப்பவே யோசிங்க. டூட்டி ரூம்ல எய்டைக் கழற்றிட்டுத் தூங்கினா லேண்ட்லைன் கேட்காது. வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பிட்டுக் கூப்பிடணும்னு வார்டு சிஸ்டருக்கு எழுத்துல சொல்லி, போனை அதிர்வுல கை வாட்ச்சோட இணைச்சு வையுங்க.

---

காட்பாடி ஜங்ஷன்:

இடையில் ஒரு சந்தேகம். தம்பிக்கு வலது கையில் நரம்புப் பாதிப்பு, வேகமாக எழுத முடியாது. சதவீதம் 30தான். மூன்று மணி நேரத் தியரி பேப்பருக்கு என்ன கேட்கலாம்?

---

சத்துவாச்சாரி வக்கீல்:

40க்குக் கீழே உள்ளவர்களுக்கு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் என்று அரசு மருத்துவமனையின் உரிய அதிகாரி சான்று தர வேண்டும். அதற்குத் தனிப் படிவம் உண்டு, சாதாரணக் கடிதத்தாளில் வாங்கினால் செல்லாது என்பார்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல், ஆக மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். எழுத்தர் வேண்டுமா, கூடுதல் நேரம் மட்டும் போதுமா என்று விண்ணப்பத்திலேயே தெளிவாகச் சொல்லட்டும். எழுத்தரை நீங்களே அழைத்து வருவதென்றால் அவர் தேர்வரை விடக் குறைந்த படிப்பில் இருக்க வேண்டும். மருத்துவத் தேர்வில் சொல்வதை எழுத்துக்கூட்டி எழுதவே அவர் திணறுவார், அதனால் மருந்துப் பெயர்களைச் சொல்லி எழுத வைத்து முன்கூட்டியே பழகிக்கொள்ளட்டும். படம் போட வேண்டிய கேள்விகளுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் கடிதத்தில் கேட்டுவிடுங்கள். ஹாலில் போய்க் கேட்டால் கண்காணிப்பாளரால் முடிவு செய்ய முடியாது.

---

டெமோ ரூம்:

தொரப்பாடி மாணவிக்கு, வைவா பாக்கி இருக்கிறது. பல்கலைக்கழகக் கடிதத்தில் கேட்க வேண்டியவை: ஃபேன் சத்தம் குறைந்த தனியறை அல்லது வரிசையில் கடைசி மேஜை, எக்ஸாமினர் மாஸ்க் இல்லாமல் முகம் பார்த்து உட்காருதல், ஒரு கேள்வி இரண்டாவது முறையும் புரியாவிட்டால் எழுதிக் காட்டுதல், ஆஸ்கியில் (மேஜை மேஜையாக நகர்ந்து செய்யும் செய்முறைத் தேர்வு) மணிச் சத்தத்துக்குப் பதில் விளக்கோ கையசைப்போ, ஒலிபெருக்கும் ஸ்டெத். வெளிச்சம் எக்ஸாமினர் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்தால் உதடு நிழலாகத்தான் தெரியும்.

தேர்வு விண்ணப்பப் படிவம் கட்டும்போதே கடிதத்தைக் கொடுங்கள், ஹால் டிக்கெட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அனுமதி வந்ததும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று ஹால் டிக்கெட்டோடு, ஒன்று தேர்வுக்கு முந்தைய நாள் இன்டர்னலிடம், ஒன்று அன்று காலை எக்ஸ்டர்னல் உட்காருவதற்கு முன் மேஜையில். முதல் பேட்ச் கேஸ் எடுக்க ஆரம்பித்த பிறகு யாரும் எதையும் படிக்க மாட்டார்கள்.